டார்ஜான் எட்டாவது புத்தகம் மட்டும் கையில் இருக்கிறது, இதிலிருந்தே தொடங்கலாமா?

தேயிலைக்காரி, வண்டிப்பெரியாறு

கம்பத்தில் ஒரு பழைய பேப்பர் கடையில் எடைக்கு வந்த கட்டிலிருந்து 'டார்ஜான் தி டெரிபிள்' என்று ஒரு புத்தகம் எடுத்து வந்தேன். எழுதியவர் எட்கர் ரைஸ் பரோஸ். அட்டை பாதிதான் இருக்கிறது. முன்னால் சில தாள்களும் பின்னால் சில தாள்களும் போய்விட்டன. எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகள் இங்கிலீஷ் மீடியம் என்பதால் அவளுக்கு ஆகட்டும் என்று வாங்கினேன். கொடுத்த அன்றே பிடித்துக்கொண்டாள். இப்போது கேள்வி கேட்டு என்னைக் கொல்கிறாள்.

எனக்குத் தெரிந்த டார்ஜான் சினிமா டார்ஜான். விழுதைப் பிடித்து ஆடுவார், கூவுவார், கூட ஒரு சிம்பன்சி இருக்கும். இதில் சிம்பன்சியே இல்லை. மனிதர்களுக்கு வால் இருக்கிறது! மூன்று கொம்போடு ஒரு மிருகம் வருகிறது. டார்ஜான் மனைவியைத் தேடி அலைகிறார், ஆனால் அவர் எப்படித் தொலைந்தார் என்று எங்கள் பிரதியில் இல்லை. ஒரு ஜெர்மன் ராணுவக்காரன் வேறு. நடு நடுவே துப்பாக்கியும் தோட்டா வாருமாக ஒரு ஆள் சதுப்பு நிலத்தைத் தாண்டி வந்துகொண்டே இருக்கிறான், அவனுக்குப் பெயரே சொல்ல மாட்டேன் என்கிறார் ஆசிரியர். அவன் யார் என்று தெரியாமல் மகள் தூங்க மாட்டேன் என்கிறாள்.

வரிசையில் இது எத்தனையாவது? முந்தையவற்றைப் படித்தே ஆக வேண்டுமா? இன்னொன்று, இந்த வயதுப் பெண் குழந்தைக்கு இதைக் கொடுக்கலாமா? படித்தவர்கள் சொல்லுங்கள்.

*

காகிதப்பூச்சி, தேனி

எட்டாவது. 1921-இல் முதலில் பத்திரிகைத் தொடராக வந்து, அதே ஆண்டில் புத்தகமானது. மொத்தம் 24 புத்தகங்கள், சிறுவர்களுக்கென்று தனியாக எழுதியதைச் சேர்க்காமல். கடைசி இரண்டும் ஆசிரியர் 1950-இல் இறந்த பிறகு வெளியானவை.

முதல் கதை 1912 அக்டோபரில் 'ஆல்-ஸ்டோரி' என்ற மலிவுப் பத்திரிகையில் வந்தது. அதற்கு 700 டாலர் கொடுத்தார்கள். பரோஸ் அதற்குச் சற்று முன்புவரை பென்சில் சீவும் கருவி விற்கும் வியாபாரத்தில் இருந்தவர். ஆப்பிரிக்காவில் கால் வைத்ததே இல்லை.

சிம்பன்சி சினிமாக்காரர்கள் சேர்த்தது. புத்தகங்களில் பின்னால் என்கிமா என்று ஒரு சின்னக் குரங்கு வரும், அவ்வளவுதான். சினிமாவில் பேசத் திணறுகிறாரே, அதுவும் புத்தகத்தில் இல்லை. படங்களைப் பார்த்துத் தானே எழுத்துக்கூட்டி இங்கிலீஷ் படிக்கக் கற்றுக்கொள்கிறார். வாயால் பேசிய முதல் மனித மொழியோ பிரெஞ்சு, ஏனென்றால் கற்றுக்கொடுத்தவர் டார்னோ என்ற பிரெஞ்சுக் கடற்படைக்காரர்.

துப்பாக்கிக்காரன் டார்ஜானின் மகன் கோரக். நிம்மதியாகத் தூங்கச் சொல்லுங்கள்.

*

குமுளி ஜீப்

காகிதப்பூச்சி தம்பி, நல்லா இருப்பீங்க. கடைசி அத்தியாயம் வரைக்கும் அந்த மனுஷன் கட்டிக் காப்பாற்றிய ரகசியத்தை ஒரே வரியில் போட்டு உடைத்துவிட்டீர்கள். அக்கா, பாப்பாவிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள்.

நான் குமுளியில் ஜீப் ஓட்டுகிறவன். தேக்கடிக்கு வருகிற வெள்ளைக்காரர்கள் படித்து முடித்த புத்தகத்தை ஹோம்ஸ்டே அலமாரியில் போட்டுவிட்டுப் போவார்கள். மழைக்காலத்தில் சவாரி இருக்காது. அந்த அலமாரியும் அகராதியும் வைத்துத்தான் நான் இங்கிலீஷ் படித்தேன். டார்ஜான் வரிசையில் கிடைத்த வரைக்கும் படித்திருக்கிறேன். இந்த எட்டாவதுதான் எல்லாவற்றிலும் மேல் என்பது என் கட்சி.

முதலில் முன்கதை. ஏழாவது புத்தகம் 'டார்ஜான் தி அன்டேம்ட்'. 1914, உலகப் போர் தொடங்கிய நேரம். டார்ஜானுக்குக் கிழக்கு ஆப்பிரிக்காவில் வீடும் தோட்டமும் இருக்கிறது. அவர் வெளியே போயிருக்கும்போது ஜெர்மன் படை வந்து எரித்துவிடுகிறது. கரிந்த உடல் ஒன்று கிடக்கிறது, விரலில் அவர் மனைவி ஜேனின் மோதிரம். செத்துவிட்டாள் என்று நினைத்துப் பழிவாங்கக் கிளம்புகிறார். புத்தகத்தின் கடைசியில்தான் அது வேறு யாருடைய உடலோ என்று தெரிகிறது. ஜேனை ஒரு ஜெர்மன் அதிகாரி உள்நாட்டுக்குள் கூட்டிக்கொண்டு போய்விட்டான். அவன்தான் உங்கள் புத்தகத்தில் வரும் ஜெர்மன் ராணுவக்காரன், ஓபர்காட்ஸ். இவ்வளவு தெரிந்தால் எட்டாவதைத் தாராளமாகத் தொடங்கலாம். ஏழாவது பாதிக்கு மேல் எனக்கு இழுவை. பழிவாங்கும் பகுதி மட்டும் ருசி: பட்டினி போட்ட சிங்கத்தை ஜெர்மன் பதுங்குகுழிக்குள் ஓட்டிவிடுவார்.

இனி எட்டாவது ஏன் உசத்தி என்று சொல்கிறேன்.

மற்றப் புத்தகங்களில் டார்ஜான் காட்டுக்கு ராஜா. எந்த வாசனை எந்த மிருகம், எந்தக் கிளை தாங்கும், எல்லாம் அவருக்குத் தெரியும். தெரிந்தவனைப் பற்றிப் படிப்பதில் ஒரு சலிப்பு உண்டு. அடுத்த பக்கத்திலும் அவர்தான் ஜெயிப்பார். எட்டாவதில் அவரைப் பெரிய சதுப்பு நிலம் தாண்டிப் பால்-உல்-டான் என்ற இடத்துக்குக் கொண்டுபோய் விடுகிறார் ஆசிரியர். வெளி உலகத்தோடு தொடர்பே இல்லாத நாடு. அங்கே இரண்டு இனம். உடம்பெல்லாம் கறுப்பு ரோமம் உள்ள வாஸ்-டான், ரோமம் இல்லாத வெள்ளை ஹோ-டான். இரண்டு பேருக்கும் வால் உண்டு. வால் இல்லாதவர் டார்ஜான் மட்டும்தான். பாஷை புதுசு. மிருகம் புதுசு. ராஜா இங்கே மறுபடியும் ஒன்றாம் வகுப்பு.

அந்த மூன்று கொம்பு மிருகத்துக்குப் பெயர் கிரிஃப். பழைய காலத்து டிரைசெராடாப்ஸ் என்ற டைனோசரின் வழியில் வந்தது, ஆனால் குளம்புக்குப் பதில் நகம், இறைச்சியும் தின்னும். அதன் குணம் என்னவென்றால், ஆளை மரத்தில் ஏற்றிவிட்டால் அது போகாது. நீங்கள் மரத்துக்கு மரம் தாவினால் கீழேயே கூட வரும். டார்ஜானுக்கே வழி தெரியவில்லை. பலம் வேலைக்கு ஆகாது, கத்தி ஆகாது. அப்போது அந்தக் காட்டிலேயே வாழும் குரங்கு மனிதன் ஒருவன், டோர்-ஓ-டான் இனம், ஒரு கம்பை வைத்துக்கொண்டு ஒரு மாதிரிக் கத்திக்கொண்டு அந்த மலை போன்ற மிருகத்தை முகத்தில் அடித்து அடக்குகிறான். ஏறி உட்கார்ந்து ஓட்டிக்கொண்டே போகிறான். டார்ஜான் மேலேயிருந்து பார்க்கிறார். பிறகு அதே கம்பு, அதே குரல், தானும் செய்து பார்க்கிறார்.

இந்த இடத்தை நான் எத்தனை தடவை படித்திருப்பேன் என்று கணக்கில்லை. என் அப்பா மரம் வெட்டும் கூப்பில் தடி இழுக்கும் யானைக்குப் பாகனாக இருந்தவர். இங்கே பாகன் கையில் வலியகோல், செறுகோல், தோட்டி என்கிற அங்குசம் என்று மூன்று இருக்கும். ஆனால் யானை கோலுக்குக் கட்டுப்படுவதில்லை, குரலுக்குத்தான் என்பார் அப்பா. புதுப் பாகன் வந்தால் உடனே ஏற மாட்டான். பழைய பாகன் கூடவே நின்று, எந்தச் சொல்லை எந்தத் தொனியில் சொல்கிறான், எங்கே தொட்டால் எந்தக் கால் மடக்குகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பான். சிகாகோவில் பிறந்து, ஆப்பிரிக்காவையே பார்க்காத ஒருவர் அதை எழுதியிருக்கிறார். மிருகத்தை அடக்குவதைத் தானாகக் கண்டுபிடித்ததாக எழுதவில்லை பாருங்கள், அந்த மண்ணின் ஆளைப் பார்த்துக் கற்றதாக எழுதினார். அங்கேதான் எனக்கு மரியாதை வந்தது.

முகத்தில் அடிப்பது மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. மதம் தீர்ந்த யானையை மறுபடி சொன்ன பேச்சுக் கேட்கவைக்க அடித்து வசப்படுத்தும் வழக்கம் கேரளத்தில் உண்டு. அப்பாவுக்கு அதில் உடன்பாடு இல்லை, பல தடவை சண்டை போட்டிருக்கிறார். பாப்பா கேட்டால் அதையும் சொல்லுங்கள்.

காட்டைப் பற்றி அவர் எழுதுவதெல்லாம் உண்மை என்று நினைத்துவிட வேண்டாம். முதல் கதை பத்திரிகையில் வந்தபோது ஆப்பிரிக்கக் காட்டில் புலியை விட்டிருந்தார்! வாசகர்கள் சுட்டிக்காட்டியதும், 1914-இல் புத்தகமாக வரும்போது சேபர் என்ற அந்தப் புலி பெண் சிங்கமாகிவிட்டது. சிங்கம் மட்டும் அடர்காட்டில் ஏன் திரிகிறது? அது புல்வெளி மிருகம். சரி, விடுங்கள். எனக்குப் பெரிய குறை வேறு: எங்குமே அட்டை கடிப்பதில்லை. ஜூன் மாதம் எங்கள் காட்டுக்குள் கோவணத்தோடு ஒருவன் அரை மணி நேரம் நின்று காட்டட்டும், அப்புறம் பேசுவோம்.

மரத்துக்கு மரம் தாவுவதும் அப்படித்தான். காட்டின் நடு அடுக்கு வழியாகவே மைல்கணக்கில் போகிறார். கருமந்தி போகும், சிங்கவால் குரங்கு போகும், மலையணில் கீழே இறங்காமலே போகும். அவற்றின் எடை என்ன, ஆறடி ஆளின் எடை என்ன? மழையில் பாசி பிடித்த கிளையில் கருமந்தியே பார்த்துத்தான் கால் வைக்கும்.

அப்படியும் படிக்கும்போது நம்பிவிடுகிறேன். அவர் தாவும் வேகத்தில் யோசிக்க நேரம் கொடுப்பதில்லை, அதுதான் சூட்சுமம்.

*

கொழிஞ்சாம்பாறை வாத்தியார்

ஜீப் அண்ணன் ஏழாவதைத் தள்ளிவிட்டார், ஆனால் அதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. போர் ஆத்திரத்தில் ஜெர்மானியர் எல்லோரையும் அரக்கர்களாக எழுதிவிட்டார் பரோஸ். 1920-களில் டார்ஜான் ஜெர்மனியில் பிரமாதமாக விற்றுக்கொண்டிருந்த நேரம். இந்தப் பழைய புத்தகத்தைப் பற்றி 1925-இல் அங்கே தெரியவந்ததும், டார்ஜான் ஜெர்மானியரைத் தின்பவன் என்றே தலைப்பிட்டு ஒரு நூல் வந்தது. விற்பனை அப்படியே விழுந்தது. ஓபர்காட்ஸை மகளுக்கு விளக்கும்போது, போர் முடிந்த சூட்டில் எழுதியது என்று ஒரு வார்த்தை சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஜேனை உண்மையிலேயே கொன்றுவிடத்தான் பரோஸ் முதலில் எண்ணியிருந்தார். மனம் மாறியதால்தான் எட்டாவது புத்தகமே பிறந்தது.

வயதுக் கணக்கைப் பற்றிக் கேட்காமல் இருந்தால் நல்லது. டார்ஜானின் பெற்றோர் கப்பல் ஏறியது 1888-இல் என்று முதல் புத்தகமே சொல்கிறது. மகன் மூன்றாவது புத்தகத்தில் கைக்குழந்தை, நான்காவதில் வளர்ந்து பெரியவனாகிறான். எட்டாவதில் பிரெஞ்சுப் போர்க்களத்திலிருந்து நேராக வருகிறான். முதல் உலகப் போருக்குள் அந்தக் குழந்தைக்கு இருபது வயது ஆக எந்தக் கணக்கிலும் வழியில்லை. என் வகுப்பில் இதைக் கணக்காகவே போட்டேன், பிள்ளைகள் கைகொட்டிச் சிரித்தார்கள்.

உங்கள் பிரதியில் போன தாள்களுக்குக் கவலைப்பட வேண்டாம். இந்தியச் சட்டப்படி பதிப்புரிமை ஆசிரியர் இறந்து 60 ஆண்டு வரைதான். 2010 முடிந்ததோடு அவர் உயிரோடு இருந்தபோது வந்த நூல்களின் உரிமை இங்கே தீர்ந்தது. குட்டன்பர்க் என்ற இணையதளத்தில் இந்த எட்டாவது முழுதாக இலவசமாக இருக்கிறது. தமிழில் யாரும் மொழிபெயர்க்கவும் செய்யலாம்.

*

தேயிலைக்காரி, வண்டிப்பெரியாறு

எல்லோருக்கும் நன்றி. வாத்தியார் சார் சொன்ன தளத்தில் இறக்கிக்கொண்டோம். எட்டாவதை மகள் படிக்கட்டும் என்று விட்டுவிட்டு, முதல் புத்தகத்தை நானே படித்தேன். முழுதும் முடித்துவிட்டேன். கீழே வைக்க முடியவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் எனக்கு ஒரு கோபம் இருக்கிறது, இங்கே கொட்டிவிடுகிறேன்.

நான் தேயிலைத் தோட்ட லயத்தில் பிறந்து வளர்ந்தவள். பாட்டி கங்காணி காலத்தில் மலை ஏறி வந்தவர். துரை என்றால் எங்கள் வீட்டில் பயம் கலந்த ஒரு பக்தி. துரை குதிரையில் வந்தால் பாதையை விட்டு இறங்கிக் கொழுந்துச் செடிக்குள் நிற்க வேண்டும் என்பார் பாட்டி. இந்தப் புத்தகத்தில் அந்தத் துரையைத்தான் பார்த்தேன். பிரபு வீட்டுக் குழந்தை குரங்குகளிடம் வளர்கிறது. மரியாதை சொல்லிக்கொடுக்க ஒரு மனிதரும் இல்லை. ஆனால் ஒரு பெண்ணைக் கண்டதும் பரம்பரைக் கனவான் போலக் குனிந்து மரியாதை செய்கிறான். எப்படி வந்தது என்றால், உயர்ந்த ரத்தமாம், பல தலைமுறைப் பிறப்பின் முத்திரையாம். ஆசிரியர் கூச்சமில்லாமல் எழுதுகிறார்.

அதே காட்டில் கறுப்பு மக்களின் ஊர் இருக்கிறது. காங்கோவில் பெல்ஜியம் ராஜா லியோபோல்டின் ஆட்கள் செய்த கொடுமை தாங்காமல் ஓடிவந்தவர்கள் என்று ஒரு பத்தியில் ஆசிரியரே சொல்கிறார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பரவாயில்லை, மனுஷன் தெரிந்துதான் எழுதுகிறார் என்று. அடுத்த பக்கங்களில் அந்த மக்களுக்கே பயந்தாங்கொள்ளி வேஷம், நரமாமிச வேஷம். டார்ஜான் கூரையில் ஏறி விளையாட்டுக் காட்டி அவர்களை அலறவிடுவதை நாம் சிரித்துக்கொண்டே படிக்க வேண்டும். ஜேன் வீட்டுப் பணிப்பெண் எஸ்மரெல்டா வாயைத் திறந்தாலே கேலிக்குத்தான். ஓடிவந்தவர்களின் கதையை யாராவது எழுதியிருந்தால் நான் அதைத்தான் மகளுக்கு வாங்கியிருப்பேன்.

மகளிடம் பேசினேன். அவள் சொன்னது: "இதுல அப்படி இல்லம்மா. கறுப்பு ரோமக்காரன் ஓம்-அட்டும் வெள்ளைக்காரன் டா-டெனும் ஃப்ரெண்டு. ரெண்டு பேருக்குமே டார்ஜான்தான் வெளியாளு." யோசித்துப் பார்த்தேன். அவள் படித்த புத்தகத்தில் அது உண்மையாகத்தான் இருக்கும் போல.

அவளுக்கு ரொம்பப் பிடித்தது ஜேன்தான். தனியாகத் தப்பிக் காட்டுக்குள் போய், தானே ஈட்டி செய்து, வேட்டையாடி, மரத்தில் தங்க இடமும் கட்டிக்கொள்கிறாளாமே. முதல் புத்தகத்து ஜேன் மயங்கி விழுந்துகொண்டிருந்தாள். என்ன ஆயிற்று இவளுக்கு?

*

குமுளி ஜீப்

அக்கா, துரை விஷயத்தில் நீங்கள் சொல்வதை மறுக்க மாட்டேன். எனக்கு அது முதலில் தைக்கவில்லை. அகராதி பார்த்துப் படிக்கிறவனுக்கு அடுத்த வார்த்தை மட்டும்தான் கண்ணில் படும். இரண்டாம் தடவைதான் உறைத்தது.

ஆனால் ஒன்று. எட்டாவதில் உயர்ந்த ரத்தம் என்ற அந்த வித்தையை ஆசிரியரே கொஞ்சம் கிண்டல் செய்வது போல எனக்குத் தெரிகிறது. அந்த நாட்டுத் தெய்வத்துக்கு வால் கிடையாதா, அல்லது உண்டா என்று அவர்களுக்குள்ளேயே வழக்கு. வாலில்லாத டார்ஜான் நேராக ராஜாவின் ஊரான ஆ-லூருக்குள் போய், நான் தெய்வத்தின் மகன் என்கிறார். நம்பிவிடுகிறார்கள்! தலைமைப் பூசாரி லூ-டான் ஒருவனுக்குத்தான் சந்தேகம். பின்னால் அந்த ஓபர்காட்ஸும் புத்தி பிசகி, நானே தெய்வம் என்று கிளம்புகிறான். ஒருவன் பொய் சொல்லித் தெய்வம், ஒருவன் பைத்தியம் பிடித்துத் தெய்வம். இரண்டுக்கும் கும்பிடு விழுகிறது. துரையைக் கும்பிட்ட பாட்டிக்கு இது புரிந்திருக்கும்.

ஜேன் மாறியதற்குக் காரணம், நடுவில் இரண்டு மூன்று தடவை கடத்தப்பட்டுவிட்டாள். பழகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். டார்ஜான் காட்டில் செய்வதையெல்லாம் கூட இருந்து பார்த்தவள்தானே. பார்த்துக் கற்பதுதான் இந்தப் புத்தகம் முழுக்க. சினிமாக்காரர்கள் இந்த ஜேனை எடுக்கவே இல்லை. 1932 படத்தில் ஆசிய யானைக்குப் பெரிய காது ஒட்டி ஆப்பிரிக்க யானை என்று காட்டினார்கள், அதற்கு மட்டும் நேரம் இருந்தது.

*

காகிதப்பூச்சி, தேனி

சரி, நானும் ஒரு நல்ல காரியம் செய்கிறேன். பாப்பாவுக்கு அடுத்து எதைக் கொடுப்பது? ஆறாவது, 'ஜங்கிள் டேல்ஸ்'. சிறுவன் டார்ஜானின் தனித்தனிச் சின்னக் கதைகள், எங்கே வேண்டுமானாலும் தொடங்கலாம். ஒன்றில் சந்திரனை ஏதோ தின்கிறது என்று அம்பு விடுவான், கிரகணம் அது. ஆனால் அக்கா சொன்ன அந்த ஊர்க்காரர்கள் அதிலும் வருவார்கள், அதே வேஷத்தில். முதலில் நீங்கள் ஒரு கண் பார்த்துவிடுங்கள்.

பத்திலிருந்து கவனம். தொலைந்துபோன ரோமாபுரி, சிலுவைப் போர் வீரர்கள், எறும்பளவு மனிதர்கள் என்று ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு மறைந்த நகரம். பதின்மூன்றாவதில் பூமிக்குள்ளேயே இறங்கிவிடுவார். ஒரே அச்சு.

*

கொழிஞ்சாம்பாறை வாத்தியார்

எறும்பளவு இல்லை தம்பி, முழங்கால் உயரம். பத்தாவது அது, நல்ல புத்தகம். அதைத் தள்ளாதீர்கள்.

*

தேயிலைக்காரி, வண்டிப்பெரியாறு

முடித்துவிட்டாள். துப்பாக்கிக்காரன் யார் என்று கடைசியில் தெரிந்ததும் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர் வந்து எட்டிப் பார்த்தார். கோரக்கின் வயதை மட்டும் சரியாகக் கேட்டுவிட்டாள். வாத்தியார் சார், அந்தக் கணக்கைக் கொஞ்சம் விரிவாகப் போட்டு அனுப்புங்கள், நான் திணறுகிறேன். ஜீப் அண்ணே, உங்கள் அலமாரியில் ஆறாவது இருந்தால் சொல்லுங்கள். சனிக்கிழமை குமுளிக்குச் சந்தைக்கு வருகிறோம், போனில் படித்தால் கண் வலிக்கிறது என்கிறாள்.